நலங்குக்கு முன் மஞ்சள் பூசி முகம் அரித்தால்

வணக்கம் சகோதரி. கடலூர் முதுநகரில் அடுத்த வாரம் நலங்கு, சமையல் மஞ்சள்தூளைத் தயிரில் குழைத்துப் பூசியதில் முகமெல்லாம் மஞ்சள், கன்னத்தில் அரிப்பும் சிவப்பும் என்று எழுதியிருந்தீர்கள்.

கறை வேறு, அரிப்பு வேறு. மஞ்சளின் நிறமான குர்குமின் தண்ணீரில் சரியாகக் கரையாது, எண்ணெயில் கரையும். அரிக்காத இடத்தில் தேங்காய் எண்ணெயைப் பஞ்சில் தொட்டு மெதுவாகத் துடையுங்கள். எலுமிச்சையைத் தேய்க்கச் சொல்வார்கள், வேண்டாம், எரிச்சல்தான் கூடும்.

அரிப்புக்கு முதல் வேலை, எந்த மஞ்சளையும் நிறுத்துவது. மஞ்சளே சிலருக்கு ஒவ்வாது. தூளில் கலந்த சாயமும் காரணமாகலாம். வெறும் தண்ணீரில் கழுவினால் போதும். ஓரிரு நாளில் அடங்காவிட்டாலோ, வீங்கினாலோ, கொப்புளம் வந்தாலோ தோல் மருத்துவரிடம் போய்விடுங்கள். புதுச்சேரி ஜிப்மரிலும் தோல் பிரிவு இருக்கிறது. மருந்துக் கடையில் நீங்களாகவே ஸ்டீராய்டு களிம்பு வாங்காதீர்கள்.

கஸ்தூரி மஞ்சளுக்கு மாறலாமா என்றால், அவ்வளவாகக் கறை படியாது, ஆனால் அதுவும் ஒவ்வாமல் போகலாம். இப்போது அந்தச் சோதனையெல்லாம் எதற்கு? நலங்கன்று பெரியவர்களிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்: முகத்துக்குச் சந்தனமும் வேண்டாம், மஞ்சளைப் பாதத்தில் ஒரு பொட்டு வைத்தால் போதும். அத்தைமார் முணுமுணுப்பார்கள், விடுங்கள்.