ரீமேப் செய்த டர்போ வண்டிக்கு எந்த பிளக்?

வணக்கம் நண்பரே. ரீமேப் (எஞ்சின் கணினியின் அமைப்பை மாற்றுவது) செய்தபின் முழு ஆக்சிலரேட்டரில் வண்டி வெட்டி வெட்டி ஓடுகிறது, என்ஜிகே 7 ஸ்பார்க் பிளக்குக்குப் பதில் நேராக 9 போடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். வேண்டாம்.

முதலில் பிளக் முனைகளுக்கு நடுவே உள்ள இடைவெளியைப் பாருங்கள். பூஸ்ட், அதாவது டர்போ காற்றைத் திணிக்கும் அழுத்தம், கூடினால் சிலிண்டருக்குள் அழுத்தம் கூடும். அந்த அழுத்தத்தில் அகன்ற இடைவெளியைப் பொறி தாண்ட அதிக வோல்டேஜ் வேண்டும். பிளக்குக்கு மின்சாரம் தரும் காயிலால் அதைத் தர முடியாதபோது வண்டி வெட்டும். இடைவெளி 0.8 மி.மீ. இருந்தால் 0.65 வைத்துப் பாருங்கள். இரிடியம் பிளக்கின் நடுமுனை மிக மெல்லியது, நெம்பினால் பொட்டென்று ஒடிந்துவிடும். வெளிமுனையை மட்டும் மெல்ல வளையுங்கள்.

அப்புறம் வெப்ப எண், அதாவது அந்த 7, 9. என்ஜிகே, டென்சோவில் எண் கூடினால் பிளக் சூட்டை வேகமாகக் கடத்தும், போஷில் நேர்மாறு. உங்களுக்கு 8 போதும். 9 போட்டால், சிங்கப்பூர்–ஜொகூர் உட்லண்ட்ஸ் கடற்பாலத்து நெரிசலில் ஊரும்போது முனை சுமார் 450 டிகிரியை எட்டாமல் கரி படியும், மறுபடி வெட்டும்.

ஒருமுறை சிப்பாங் பந்தயத் தடத்தில் ஓட்டிவிட்டு வந்து பிளக்கைக் கழற்றினேன். வெள்ளைப் பீங்கானில் மிளகுத்தூள் தூவியதுபோல் கறுப்புப் புள்ளிகள். வயிறு கலங்கிவிட்டது. அது டெட்டனேஷனின், அதாவது எரிபொருள் கட்டுப்பாடின்றி வெடிப்பதன், அடையாளம். அப்படித் தெரிந்தால் பிளக்கை மாற்றி ஒப்பேற்றாதீர்கள். ரீமேப் செய்த டியூனரிடம் போய் டைமிங்கை, அதாவது பொறி விழும் நேரத்தை, பார்க்கச் சொல்லுங்கள். பீங்கான் இளம் பழுப்பு என்றால் கவலையில்லை.

எஞ்சின் நன்றாக ஆறியபிறகே கழற்றுங்கள், இல்லாவிட்டால் அலுமினிய ஹெட்டில் மரை போய்விடும்.