மண்ணின் உலோகத்தைப் பிடிக்கும் பாக்டீரியா: மகளின் ஆசைக்கு எந்தப் படிப்பு?

அன்புள்ள அம்மா,

பன்னிரண்டாம் வகுப்பில் உயிரியல்–கணிதப் பிரிவில் படிக்கும் தங்கள் மகள், மருத்துவமும் வேண்டாம், கம்ப்யூட்டரும் வேண்டாம், மண்ணில் கலந்துவிட்ட கன உலோகங்களைப் பிடித்து வைக்கும் பாக்டீரியாவை உருவாக்கும் படிப்புதான் வேண்டும் என்று பிடிவாதமாக இருப்பதாக எழுதியிருக்கிறீர்கள். அப்படி ஒரு வேலை உண்டா, படித்தால் சோறு போடுமா என்ற தங்கள் கவலை நியாயமானதே. கடலூர் முதுநகரில் பிறந்து, உப்பனாற்றங்கரையின் சிப்காட் ஆலைகளைப் பார்த்தே வளர்ந்த பிள்ளைக்கு இந்த ஆசை வந்ததில் வியப்பில்லை. அதைக் கலைக்க வேண்டாம். ஆனால், வேலை எத்தகையது என்பதைத் தாங்களும் மகளும் தெரிந்துகொண்டு இறங்க வேண்டும்.

கொட்டிய எண்ணெயையும் சில பூச்சிக்கொல்லிகளையும் பாக்டீரியாவால் சிதைத்துவிட முடியும். காட்மியம், ஈயம், பாதரசம், குரோமியம் ஆகியவை தனிமங்கள். அவற்றை எந்த உயிரும் சிதைக்க முடியாது. நச்சு குறைந்த வடிவத்துக்கு மாற்றலாம், அல்லது நகரவிடாமல் பிடித்து வைக்கலாம். ராணிப்பேட்டையில் மூடப்பட்ட குரோமேட் ஆலையின் கழிவுக் குவியலை எடுத்துக்கொள்ளுங்கள். அதிலுள்ள ஆறு இணைதிறன் குரோமியம் நீரில் எளிதில் கரைந்து நிலத்தடிக்கு இறங்கக்கூடியது. சில பாக்டீரியாக்கள் அதனை மூன்று இணைதிறன் வடிவத்துக்கு மாற்றும்போது அதன் நச்சும் குறைகிறது, கரைந்து பரவுவதும் குறைகிறது.

பிடித்து வைப்பதில்தான் மரபணுப் பொறியியல் நுழைகிறது. மெட்டலோதயோனின் என்ற சிறு புரதத்தில் சிஸ்டைன் என்னும் அமினோ அமிலம் நிறைந்திருப்பதால், அதிலுள்ள கந்தகம் காட்மியத்தைக் கெட்டியாகப் பற்றிக்கொள்கிறது. பெல்ஜியத்தில் ஒரு துத்தநாக ஆலையின் கழிவுத் தொட்டியில் கண்டெடுக்கப்பட்ட, உலோக நச்சைத் தாங்கி வாழும் பாக்டீரியாவில், ஸ்பெயின் நாட்டு ஆய்வாளர்கள் எலியின் மெட்டலோதயோனின் மரபணுவை ஏற்றி, அந்தப் புரதம் செல்லின் வெளிப்பரப்பில் நிற்குமாறு செய்து, 2000-ஆம் ஆண்டில் முடிவுகளை வெளியிட்டார்கள். காட்மியம் கலந்த மண்ணில் அந்தப் பாக்டீரியாவைச் சேர்த்தபோது, அங்கு வளர்ந்த புகையிலைச் செடிகள் மீது நச்சின் தாக்கம் குறைந்தது. ஆனால் காட்மியம் அந்த மண்ணிலேயேதான் இருந்தது. பாக்டீரியா மடிந்தால் பிடித்த உலோகம் மீண்டும் வெளிவரக்கூடும். அப்போது என்ன செய்வது என்ற கேள்வியைத் தங்கள் மகளிடம் ஒருநாள் கேட்டுப் பாருங்கள். அது மகளைச் சோர்வடையச் செய்யாமல் மேலும் படிக்கத் தூண்டினால், இந்தத் துறைக்கு ஏற்றவர் என்று நான் தயங்காமல் சொல்வேன்.

இன்னொன்றையும் மறைக்கக் கூடாது. மரபணு மாற்றிய பாக்டீரியாவை நினைத்தவுடன் வயலில் கொண்டுபோய் விட முடியாது. 1986-ஆம் ஆண்டின் சுற்றுச்சூழல் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் 1989-இல் வந்த விதிகளின்படி, மத்திய அரசின் மரபணுப் பொறியியல் மதிப்பீட்டுக் குழு ஒப்புதல் தர வேண்டும். ஆகவே இப்போதைய பணி பெரும்பாலும் ஆய்வகத்துக்குள்ளும், மூடிய கலன்களிலும், உலோகம் இருந்தால் ஒளியாலோ நிறத்தாலோ காட்டிக்கொடுக்கும் உணரிப் பாக்டீரியாக்களிலும் நடக்கிறது. மாதச் சம்பளம் தரும் வேலைகளோ மண், நீர் பரிசோதனைக் கூடங்கள், ஆலைகளின் கழிவுநீர்ச் சுத்திகரிப்பு நிலையங்கள், மாசுக் கட்டுப்பாட்டு வாரியம், நாக்பூரிலுள்ள தேசியச் சுற்றுச்சூழல் பொறியியல் ஆய்வு நிறுவனம் (நீரி) போன்ற ஆய்வு நிறுவனங்கள், நொதி மற்றும் மருந்து உற்பத்தி நிறுவனங்கள் ஆகியவற்றில் இருக்கின்றன.

எனவே படிப்பின் பெயரில் ‘பயோடெக்னாலஜி’ என்று இருந்தால் போதும் என்று எண்ணிவிடாதீர்கள். லட்சக்கணக்கில் கட்டணம் வாங்கிக்கொண்டு, இயங்காத ஆய்வகத்தைக் காட்டும் கல்லூரியின் பி.டெக்.கைவிட, அரசு கலைக் கல்லூரியில் நுண்ணுயிரியலோ உயிர்வேதியியலோ வேதியியலோ படித்து, நல்ல பல்கலைக்கழகத்தில் எம்.எஸ்சி. சேர்வது மேல் என்பது என் உறுதியான கருத்து. காலாப்பட்டில் புதுவைப் பல்கலைக்கழகத்தில் உயிரித் தொழில்நுட்பத் துறையும் சுற்றுச்சூழல் அறிவியல் துறையும் ஒரே வளாகத்தில் இருக்கின்றன. சிதம்பரத்தில் அண்ணாமலைப் பல்கலைக்கழகம் இருக்கிறது. மகளுக்கு மதிப்பெண்ணும் ஊக்கமும் இருந்தால் மத்திய அரசின் அறிவியல் கல்வி, ஆய்வு நிறுவனங்களான ஐசர்களின் நுழைவுத்தேர்வையும் எழுதட்டும்; திருப்பதியிலும் திருவனந்தபுரத்திலும் ஐந்தாண்டுப் படிப்பு உண்டு. எந்த வழியில் போனாலும் வேதியியலை விடக் கூடாது. மண்ணின் அமிலத்தன்மை சற்று மாறினாலே உலோகம் கரைவதும் படிவதும் மாறிவிடும். அது புரியாமல் மரபணுவை மட்டும் படித்தவரால் வெளியில் ஒரு பிடி மண்ணுக்குக்கூட விடை சொல்ல முடியாது.

கல்லூரியைப் பார்க்கப் போகும்போது கட்டடத்தையும் விளம்பரப் பலகையையும் பார்த்துவிட்டுத் திரும்பிவிடாதீர்கள். நுண்ணுயிரியல் ஆய்வகத்தில், அழுத்த நீராவியால் கருவிகளைக் கிருமிநீக்கம் செய்யும் ஆட்டோகிளேவ் அருகே ஒரு பதிவேடு இருக்கிறதா என்று பாருங்கள். தேதி, 121 டிகிரி, 15 நிமிடம், மாணவர் கையெழுத்து என்று இந்த வாரம்வரை வரிகள் நிரம்பியிருந்தால் அங்கே பிள்ளைகள் கையால் வேலை செய்கிறார்கள் என்று பொருள். கையெழுத்துகள் சென்ற பருவத்தோடு நின்றிருந்தால் வேறு இடம் பாருங்கள். மண்ணை உலர்த்திச் சலித்து, நைட்ரிக் அமிலத்தில் சூடாக்கிக் கரைத்து, வடிகட்டி, அணு உறிஞ்சல் நிறமாலைமானியில் உலோக அளவைப் படிக்கும் பயிற்சி தருகிறார்களா என்றும் கேளுங்கள். இந்த ஒரு கைவேலை தெரிந்தவருக்குப் பரிசோதனைக் கூடங்களில் இடம் கிடைப்பது எளிது.

சம்பளத்தைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். பட்டப்படிப்பு மூன்றாண்டு, முதுகலை இரண்டாண்டு, முனைவர் பட்டத்துக்குச் சுமார் ஐந்தாண்டு ஆகும். சி.எஸ்.ஐ.ஆர்.–யு.ஜி.சி. நெட் என்னும் தேசியத் தகுதித் தேர்வில் ஜே.ஆர்.எஃப். என்ற இளநிலை ஆய்வு உதவித்தொகை பெற்றால், 2023 முதல் உள்ள விகிதப்படி முதல் இரண்டாண்டுகள் மாதம் 37,000 ரூபாயும், பிறகு 42,000 ரூபாயும், வீட்டு வாடகைப்படியும் கிடைக்கும். அந்தக் காலத்தில் மகள் தங்கள் கையை எதிர்பார்க்க வேண்டியிராது. ஆனால் முதுகலை முடித்தவுடன் வேலைக்குப் போனால், முதல் சில ஆண்டுகளில் கம்ப்யூட்டர் துறைத் தோழிகளைவிடக் குறைவாகவே சம்பளம் வரும் என்பதை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். வீட்டு நிலைமை உடனடி வருமானத்தைக் கேட்குமானால் முதுகலையோடு நிறுத்தி, பரிசோதனைக் கூட வேலையில் சேர்ந்துவிட்டு, ஓரிரு ஆண்டுகள் கழித்து முனைவர் பட்டத்துக்குப் போகலாம். அப்படிப் போவோர் பலர். கல்விக்கடன் வாங்கித்தான் தனியார் கல்லூரியில் சேர்க்க வேண்டும் என்ற நிலை வந்தால், கையெழுத்திடும் முன் ஒருமுறை என்னிடம் பேசுங்கள்.