மோட்டார் பொருத்திய சைக்கிளில் வேலைக்குப் போவது: கேள்வியும் பதிலும்

சாதாரண சைக்கிளை மின்சாரத்தில் ஓடும்படி மாற்றி அதில் வேலைக்குப் போய்வர விரும்புவோர் அனுப்பிய கேள்விகளில் சிலவற்றுக்கு இங்கே விடை தருகிறேன். மூன்று சைக்கிள்களை என் கையால் மாற்றியிருக்கிறேன். ஆறு ஆண்டுகளாக அவற்றில்தான் வேலைக்குப் போய்வருகிறேன்.

கேள்வி: அலுவலகம் 12 கிலோமீட்டர் தொலைவில் இருக்கிறது. 36 வோல்ட், 10 ஆம்பியர்-மணி பேட்டரி போதுமா? ஒருமுறை சார்ஜ் செய்தால் 60 கிலோமீட்டர் ஓடும் என்கிறார் விற்பவர்.

பதில்: வோல்ட்டையும் ஆம்பியர்-மணியையும் பெருக்குங்கள், 360 வாட்-மணி கிடைக்கும். உங்கள் கையிருப்பு அவ்வளவுதான். சமதளத்தில், நீங்களும் மிதித்துக்கொண்டு, மணிக்கு 20 முதல் 25 கிலோமீட்டர் வேகத்தில் போனால் ஒரு கிலோமீட்டருக்கு ஏறத்தாழ 8 முதல் 12 வாட்-மணி செலவாகும்; மிதிக்காமல் த்ராட்டிலை மட்டும் திருகிக்கொண்டு போனால் 15-ஐயும் தாண்டலாம். விற்பவர் சொல்லும் 60 கிலோமீட்டர் என்பது கிலோமீட்டருக்கு 6 வாட்-மணி என்ற கணக்கு. பொய் என்று சொல்ல மாட்டேன். ஆனால் மோட்டாரின் உதவியை மிகக் குறைந்த நிலையில் வைத்து, பெரும்பங்கு உழைப்பை நீங்களே கொடுத்தால்தான் அது வாய்க்கும்.

போக வர 24 கிலோமீட்டருக்கு, கிலோமீட்டருக்கு 12 என்று வைத்தால் 288 வாட்-மணி வேண்டும். இன்றைக்கு அது போதும். ஆனால் சில ஆண்டுகளில் பேட்டரி தன் கொள்ளளவில் ஐந்தில் ஒரு பங்கை இழந்துவிட்டால் மீதமிருப்பதும் அதே 288-தான். அன்று எதிர்காற்று அடித்தால் கடைசிப் பகுதியை முழுக்க மிதித்தே கடக்க நேரும். அலுவலகத்தில் சார்ஜ் செய்ய வசதி இருந்தால் இதையே வாங்குங்கள், இல்லாவிட்டால் 13 ஆம்பியர்-மணிக்குக் குறையாமல் பாருங்கள்.

கேள்வி: முன்சக்கர மோட்டார் பொருத்துவது எளிது என்கிறார்கள். என் சைக்கிளில் முன்சக்கரத்தைப் பிடித்திருக்கும் கவை, அதிர்வு தாங்கும் அலுமினிய சஸ்பென்ஷன் ஃபோர்க். சரிவருமா?

பதில்: வேண்டாம். மோட்டார் சக்கரத்தை முன்னோக்கிச் சுழற்றும்போது அதன் அச்சு அதே விசையோடு பின்னோக்கிச் சுழலப் பார்க்கும். அதைத் தடுத்து நிறுத்துவது, அச்சின் இருபுறமும் தட்டையாகச் சீவப்பட்ட பகுதி ஃபோர்க்கின் நுனியிலுள்ள பிளவுக்குள் இறுக்கமாக உட்கார்ந்திருப்பது ஒன்றுதான். எஃகு நெளிந்து எச்சரிக்கும்; வார்ப்பு அலுமினியமோ முன்னறிவிப்பின்றி உடையக்கூடியது. உடைந்தால் ஓடிக்கொண்டிருக்கும்போதே முன்சக்கரம் கழன்றுவிடும்.

என் முதல் சைக்கிளின் ஃபோர்க் எஃகுதான். ஆயினும் இரண்டாம் மாதத்தில் ஒரு காலை, அச்சிலிருந்து வெளியேறும் வயர் கொஞ்சம் முறுக்கிக்கொண்டிருப்பதைக் கண்டு நட்டைக் கழற்றிப் பார்த்தேன். பிளவின் விளிம்புகள் வட்டமாகத் தேய்ந்திருந்தன. அச்சு ஒவ்வொரு கிளம்பலுக்கும் சிறிது சிறிதாகச் சுழன்றிருக்கிறது. டார்க் ஆர்ம் எனப்படும் எஃகுப் பட்டையின் ஒரு முனை அச்சைக் கவ்வும், மறுமுனை ஃபோர்க்கோடு சேர்த்துக் கட்டப்படும். அதைத் தேவையற்ற செலவு என்று நான் ஒதுக்கியதன் பலன் அது. எஃகு ஃபோர்க்காக இருந்தாலும் இந்தப் பட்டை இல்லாமல் மோட்டார் பொருத்தாதீர்கள். உங்கள் சைக்கிளுக்குப் பின்சக்கர மோட்டாரே ஏற்றது. அங்கும் அந்தப் பட்டையைப் பொருத்துங்கள்.

கேள்வி: வழியில் நீண்ட ஏற்றம் உண்டு. 250 வாட் மோட்டார் இழுக்குமா?

பதில்: ஏற்றம் எவ்வளவு செங்குத்து என்பதைப் பொறுத்தது. ஆளும் வண்டியும் பையும் சேர்ந்து 100 கிலோ என்றால், 5 சதவீத ஏற்றத்தில் (100 மீட்டருக்கு 5 மீட்டர் உயர்வது) மணிக்கு 15 கிலோமீட்டர் வேகத்தில் ஏறுவதற்கு, எடையை உயர்த்த மட்டுமே 200 வாட்டுக்குச் சற்று அதிகம் வேண்டும். உங்கள் கால்கள் 80 வாட் கொடுத்தாலும் மோட்டாருக்குச் சுமை குறைந்துவிடும். 10 சதவீதமானால் தேவை இரட்டிக்கும். வேகம் விழுந்து மோட்டார் திணறிச் சுழலும்போது பேட்டரி கொடுக்கும் ஆற்றலில் பெரும்பகுதி வெப்பமாகவே போய்விடும். ஹப் மோட்டார், அதாவது சக்கரத்தின் நடுவிலேயே அமைந்த மோட்டார், சூடேறிக் கெடுவது பெரும்பாலும் இப்படித்தான். அத்தகைய ஏற்றத்துக்குப் பெடல் அச்சில் பொருத்தும் நடுமோட்டார் நல்லது, ஏனெனில் அது சைக்கிளின் கியர்களைப் பயன்படுத்திக்கொள்கிறது. அதற்கு விலையாகச் செயின் விரைவில் தேயும்.

கேள்வி: பிரேக்கை மாற்ற வேண்டுமா?

பதில்: 15 கிலோமீட்டர் வேகத்தில் போய்க்கொண்டிருந்தவர் 25-இல் போனால், நிறுத்தும்போது பிரேக் தாங்கவேண்டிய ஆற்றல் ஏறக்குறைய 2.8 மடங்காகிறது. மோட்டார் வாங்கும் முன் பிரேக்குக்குச் செலவு செய்யுங்கள். பிரேக்கைப் பிடித்தவுடன் மோட்டாரை நிறுத்தும் கட்-ஆஃப் வயரையும் மறக்காமல் இணையுங்கள்.

கேள்வி: இரவு முழுவதும் சார்ஜில் போட்டுவிட்டுத் தூங்கலாமா? வீட்டில் இன்னொரு வண்டியின் 48 வோல்ட் சார்ஜரும் இருக்கிறது.

பதில்: இரண்டுமே கூடாது. 36 வோல்ட் லித்தியம்-அயன் பேட்டரி முழுதாக நிறைந்தால் 42 வோல்ட். 48 வோல்ட் சார்ஜரோ வழக்கமாக 54.6 வோல்ட் வரை ஏற்றும். பேட்டரிக்குள் இருக்கும் காப்புச் சுற்று அதைத் தடுக்கவேண்டும்தான், ஆனால் அந்த ஒன்றை நம்பி வீட்டைப் பணயம் வைக்க முடியாது. சொருகி ஒரேபோல் இருப்பதால் பொருத்தமென்று எண்ணிவிடாதீர்கள்; ஒவ்வொரு சார்ஜரிலும் பெரிய எழுத்தில் வண்டியின் பெயரை எழுதி ஒட்டுங்கள். 2 ஆம்பியர் சார்ஜருக்கு 10 ஆம்பியர்-மணி பேட்டரியை நிரப்ப ஐந்து மணி நேரத்துக்குச் சற்று மேலாகும்; விழித்திருக்கும் நேரத்திலேயே முடித்துவிடலாம். தீப்பிடித்தால் நீங்கள் வீட்டைவிட்டு வெளியேற வேண்டிய வழியில் வைத்து சார்ஜ் செய்யாதீர்கள்.

கேள்வி: மழையில் ஓட்டலாமா?

பதில்: ஓட்டலாம். மோட்டாரைவிட வயர் இணைப்புகளே முதலில் கெடுகின்றன. மோட்டாருக்குப் போகும் மின்சாரத்தைக் கட்டுப்படுத்தும் கண்ட்ரோலருக்குள் நுழையும் ஒவ்வொரு வயரும் நுழைவாயிலுக்குக் கீழே ஒருமுறை தொங்கி வளைந்து பிறகு மேலேறுமாறு கட்டிவிட்டால், வயரைப் பிடித்து வழியும் நீர் அந்த வளைவின் அடியில் சொட்டிவிடும், உள்ளே போகாது. அழுத்தமாக நீர் பீய்ச்சும் கருவியால் கழுவாதீர்கள்.

கேள்வி: வேண்டாமென்றால் பழையபடி சாதாரண சைக்கிளாக்கிக்கொள்ள முடியுமா?

பதில்: ஹப் மோட்டார் என்றால் முடியும். பழைய சக்கரத்தை டயரோடு சேர்த்துப் பத்திரமாக வைத்திருங்கள். மோட்டார் சக்கரத்தில் இரண்டு ஸ்போக்ஸ் அறுந்த வாரத்தில், அந்தப் பழைய சக்கரத்தை மாட்டிக்கொண்டுதான் ஐந்து நாளும் மிதித்து வேலைக்குப் போனேன்.