செயற்கை வால்வுடன் தீம் பார்க் போகலாமா?

கேள்வி: எனக்கு வயது 38. சிறு வயதில் வந்த ருமாட்டிக் காய்ச்சல் இதயத்தின் மைட்ரல் வால்வைப் பழுதாக்கிவிட்டதால், ஆறு ஆண்டுகளுக்கு முன் உலோக வால்வு பொருத்தினார்கள். இரவில் ரத்தம் உறையாமல் இருக்க வார்ஃபரின், இரண்டு வேளை இதயத் துடிப்பைக் குறைக்கும் மெட்டோப்ரோலால், காலையில் நீர் பிரிவதற்காக ஃபுரோசமைடு எடுத்துக்கொள்கிறேன். ரத்தம் உறைய எவ்வளவு தாமதமாகிறது என்று காட்டும் ஐ.என்.ஆர். சோதனையில் கடைசியாக வந்தது 3.1. வீட்டு வேலை, மாடிப்படி எதிலும் சிரமம் இல்லை. விடுமுறையில் மைத்துனர் குடும்பத்துடன் தீம் பார்க் போகத் திட்டம். “நெஞ்சைத் திறந்து தைத்தவளுக்கு இதெல்லாம் எதற்கு?” என்கிறார் மாமியார். “இதய நோயாளிகள் ஏறக் கூடாது என்று பலகை வைப்பது சட்டத்துக்காக. உனக்குத்தான் புது வால்வு இருக்கிறதே” என்கிறார் கணவர். 12 வயது மகளோ நான் ஏறினால்தான் தானும் ஏறுவேன் என்று அடம்பிடிக்கிறாள். நான் போகலாமா? எவற்றில் ஏறலாம்? ரைடுகளில் உள்ள காந்தங்களால் வால்வுக்கு ஆபத்து உண்டா?

பதில்: போகலாம். ஆனால் ரோலர் கோஸ்டரிலோ, அதைப் போல உதறும் எதிலுமோ ஏறக் கூடாது. உங்கள் இதய மருத்துவரைப் பார்த்து ஆறு மாதத்துக்கு மேல் ஆகியிருந்தால், டிக்கெட் எடுக்கும் முன் ஒருமுறை பார்த்துவிடுங்கள். எக்கோ ஸ்கேனில் வால்வும் இதயத் தசையின் வலிமையும் நன்றாக இருக்கின்றன, நுரையீரல் அழுத்தம் அதிகமில்லை என்று அவர் சொன்னால், ஒரு நாள் பூங்காவில் சுற்றிவருவதற்குத் தடை ஒன்றும் இல்லை. மாமியாரின் அக்கறையை நான் மதிக்கிறேன். ஆனால் அறுவை சிகிச்சையின்போது பிளந்த மார்பெலும்பு மூன்று மாதங்களில் பெரும்பாலும் கூடிவிடும். ஆறு ஆண்டுகளுக்குப் பிறகு அதை நினைத்து அஞ்ச வேண்டியதில்லை.

உங்கள் கணவரிடம்தான் கொஞ்சம் பேச வேண்டியிருக்கிறது. புது வால்வு என்பது பழுதில்லாத இயற்கை வால்வுக்கு ஈடாகாது. செயற்கை வால்வின் வழி சற்றே குறுகலானது. மைட்ரல் வால்வு வழியாக மேலறையிலிருந்து கீழறைக்கு ரத்தம் பாய்வது இதயம் விரியும் நேரத்தில் மட்டும்தான். நிமிடத்துக்கு 70 துடிப்பு என்றால் ஒரு துடிப்புக்கு ஏறத்தாழ 0.85 நொடி கிடைக்கிறது. 150 துடிப்பானால் அது 0.4 நொடியாகிவிடும். இதயம் சுருங்க எடுத்துக்கொள்ளும் நேரம் அந்த அளவுக்குக் குறைவதில்லை; விரியும் நேரம்தான் பறிபோகிறது. கிடைத்த சிறு இடைவெளியில் அவ்வளவு ரத்தமும் குறுகலான வழியில் போயாக வேண்டும். முடியாமல் தேங்கும்போது நுரையீரலில் அழுத்தம் ஏறி மூச்சு வாங்கும்.

ஜெர்மனியின் மான்ஹைமில் இதய மருத்துவர்கள் ஆரோக்கியமான 55 பேரை ரோலர் கோஸ்டரில் ஏற்றி, இதயத் துடிப்பைத் தொடர்ந்து பதிவு செய்தார்கள். 2005-இல் வெளிவந்த முடிவுகளின்படி, சராசரியாக 91 ஆக இருந்த துடிப்பு 153 வரை போனது. உட்கார்ந்த இடத்தில், ஓர் அடிகூட எடுத்து வைக்காமல்! மெட்டோப்ரோலால் இந்த ஏற்றத்தை ஓரளவு மட்டுப்படுத்தும், முழுவதுமாகத் தடுக்காது. ருமாட்டிக் நோயால் மேலறை விரிந்துபோன இதயத்தில், இத்தகைய திடீர் உந்துதலால் துடிப்பு ஒழுங்கு தவறவும் கூடும். அந்தப் பலகை சட்டத்துக்காக மட்டும் வைத்ததல்ல.

இருந்தாலும், உங்களைப் பொறுத்தவரை நான் அதிகம் அஞ்சுவது இதயத்தைப் பற்றி அல்ல, தலையைப் பற்றி. இதை யாரும் உங்களுக்குச் சொல்லியிருக்க மாட்டார்கள் என்பதால் சற்று விரிவாகச் சொல்கிறேன்.

மூளை மண்டையோட்டோடு ஒட்டிக்கொண்டிருப்பதில்லை, திரவத்தில் மிதக்கிறது. அதன் மேற்பரப்பிலிருந்து வெளியுறைக்கு சிரைகள் எனும் மெல்லிய ரத்தக்குழாய்கள் பாலம்போல் செல்கின்றன. தலை ஒரு பக்கம் சட்டென்று திரும்பும்போது மூளை கணநேரம் பின்தங்குகிறது. அப்போது அந்தச் சிரைகள் இழுபடுகின்றன. சில வேளைகளில் கிழிந்தும்விடுகின்றன. தலை எதிலும் இடிக்க வேண்டும் என்பதில்லை. 2000-ஆம் ஆண்டில் ஜப்பானிய மருத்துவர்கள் இப்படி ஒரு நிகழ்வை நரம்பியல் இதழில் எழுதினார்கள். 24 வயதுப் பெண், வேறு நோய் எதுவும் இல்லாதவர், பெரிய ரோலர் கோஸ்டர்களில் ஏறிய பிறகு தலைவலி தொடங்கியது, அது அவரை விடவேயில்லை. ஸ்கேன் எடுத்தபோது மூளை உறைக்கு அடியில் ரத்தம் கட்டியிருந்தது. ஆரோக்கியமான ஒருவருக்கு இது மிக அரிது என்பதையும் சொல்லிவிடுகிறேன். அவருடைய ரத்தம் தானாக உறையும். சிறு கசிவு பெரும்பாலும் தானே நின்றுவிடும். உங்கள் ரத்தத்தை உறையவிடாமல் நாங்களே மருந்து கொடுத்துவைத்திருக்கிறோம். மைட்ரல் இடத்தில் செயற்கை வால்வு உள்ளவர்களுக்கு ஐ.என்.ஆர். 2.5 முதல் 3.5 வரை இருக்க வேண்டும் என்பது பொதுவான இலக்கு. 3.1 அருமையான அளவு. வால்வில் ரத்தக்கட்டி வராமல் காப்பது அதுதான். தலைக்குள் ஒரு சிரை கசிந்தால் நிற்கவிடாமல் செய்வதும் அதுதான்.

“அப்படியானால் ஒரு நாள் மட்டும் வார்ஃபரினை நிறுத்திவிட்டு ஏறலாமே” என்று யாராவது யோசனை சொல்வார்கள். செய்துவிடாதீர்கள். அதன் வேலை ஒரே நாளில் வடிந்துவிடாது. பல நாட்கள் ஆகும். ஆகவே அன்றைக்குத் தலைக்குப் பாதுகாப்பும் கிடைக்காது, அடுத்த சில நாட்களில் வால்வுக்கு இருந்த பாதுகாப்பும் குறைந்துபோகும். செயற்கை வால்வில் கட்டி உருவானால் அது பக்கவாதமாக முடியலாம். வால்வே அசையாமல் நின்றுபோகவும் கூடும்.

இனி, எவற்றில் ஏறலாம் என்பது. பார்த்தால் பயமாக இருப்பதற்கும் உண்மையிலேயே ஆபத்தானதற்கும் உங்கள் விஷயத்தில் அதிகத் தொடர்பில்லை. உயரமான ராட்சத ராட்டினம் மெதுவாகச் சுழல்வதாக இருந்தால் தாராளமாக ஏறுங்கள். மேலே போய் நிற்கும்போது படபடக்கும், அவ்வளவுதான். இருட்டறையில் திடீரென்று பேய் பொம்மை எட்டிப் பார்ப்பதுகூட உங்களுக்கு ஒன்றும் செய்யாது. இருட்டில் தடுக்கி விழாமல் மகளின் கையைப் பிடித்துக்கொள்ளுங்கள். குதிரை ராட்டினம், படகுச் சவாரி, பூங்காவைச் சுற்றும் குட்டி ரயில் எல்லாம் உங்களுக்கானவை.

ஆனால் சிறு பிள்ளைகள் சிரித்துக்கொண்டே ஓட்டும் மோதும் கார் இருக்கிறதே, அதில் நீங்கள் உட்காரக் கூடாது. பின்னாலிருந்து எதிர்பாராமல் ஒரு கார் இடிக்கும் நொடியில் கழுத்து வெட்டி இழுப்பதைப் பார்த்திருப்பீர்கள். நான் மேலே சொன்ன சிரைகளுக்கு அது போதும். மேலே தூக்கிப் போய்ச் சட்டென்று கீழே விடும் கோபுரம், தலைகீழாகச் சுழற்றுபவை, டிராம்போலின் ஆகியவற்றுக்கும் இதே விதிதான். மூடிய குழாய் வடிவ நீர்ச்சறுக்கில் வளைவுகளில் தலையும் முழங்கையும் இடிபடும், அதுவும் வேண்டாம். அலைக்குளத்தில் இறங்க ஆசையென்றால் கூட்டம் இல்லாத ஓரமாக, முழங்கால் அளவு நீரில் நில்லுங்கள். அலை வரும்போது அடுத்தவரின் முழங்கை எந்தப் பக்கமிருந்து வரும் என்று சொல்ல முடியாது.

எந்த ரைடாக இருந்தாலும் ஒரு முழுச் சுற்றை வெளியே நின்று பாருங்கள். ஏறியிருப்பவர்களின் முகத்தைப் பார்க்காதீர்கள், கழுத்தைப் பாருங்கள். தலைகள் இருக்கையில் சாய்ந்தபடியே போனால் சரி. எல்லோருடைய தலையும் ஒரே பக்கமாக வெட்டுகிறது என்றால் திரும்பி வந்துவிடுங்கள். மகளுக்கும் இந்த விளையாட்டைக் கற்றுக்கொடுங்கள். அம்மா எதில் ஏறலாம் என்று அவளே பார்த்துச் சொல்லட்டும். பெரிய ரைடுகளில் அவளுக்குத் துணையாகச் சித்தப்பா குடும்பம் இருக்கிறது.

கிளம்புவதற்கு ஒரு வாரம் முன்பு ஐ.என்.ஆர். பாருங்கள். முந்தின நாள் பார்ப்பதில் பயனில்லை. வார்ஃபரின் அளவை மாற்றினால் அது ரத்தத்தில் தெரிய இரண்டு மூன்று நாட்களாவது ஆகும். 4-ஐத் தாண்டியிருந்தால், சரியாகும் வரை பயணத்தைத் தள்ளிப்போடுங்கள். பூங்கா எங்கும் ஓடிவிடாது. அந்த வாரம் ஏதாவது தொற்றுக்காக ஆன்டிபயாடிக் ஆரம்பித்திருந்தாலும் மருத்துவரிடம் சொல்லுங்கள். பல ஆன்டிபயாடிக்குகள் ஐ.என்.ஆரை ஏற்றிவிடும்.

அன்று அதிகம் தொல்லை தரக்கூடியது ரைடு அல்ல, வெயில். நீண்ட வரிசையில் நிற்பீர்கள், வியர்க்கும், காலையில் போட்ட ஃபுரோசமைடும் நீரை வெளியேற்றிக்கொண்டிருக்கும். உட்கார்ந்து எழும்போது கண் இருட்டி விழுந்தால், நாம் இவ்வளவு பாடுபட்டுக் காப்பாற்றிய தலைதான் தரையில் மோதும். நீங்களாக அந்த மாத்திரையை விட்டுவிடாதீர்கள். திரும்பி வந்த பிறகு மாலையில் எடுத்துக்கொள்ளலாமா என்று உங்கள் மருத்துவரைக் கேளுங்கள். பலருக்கு ஒரு நாள் நேரம் மாற்றுவதால் கெடுதல் வருவதில்லை. எவ்வளவு தண்ணீர் குடிக்கலாம் என்பதையும் அவரிடமே கேட்டு வையுங்கள். உங்களுக்கு அளவு கட்டுப்பாடு இருந்தால், “நிறையத் தண்ணீர் குடியுங்கள்” என்ற பொது அறிவுரை பொருந்தாது. புறப்படும் நாள் காலையில் எடை பாருங்கள். இரண்டு மூன்று நாட்களுக்குள் இரண்டு கிலோ ஏறியிருந்தாலோ, கணுக்கால் வீங்கியிருந்தாலோ, முந்தின இரவு தலையணையை உயர்த்திப் படுக்க வேண்டி வந்திருந்தாலோ, பூங்காவை விட்டுவிட்டு மருத்துவரிடம் போங்கள்.

நடக்கும்போது நாடியைப் பிடித்துப் பார்ப்பதில் பொருளில்லை. மெட்டோப்ரோலால் துடிப்பை அடக்கிக் காட்டும். பேச்சை அளவுகோலாக வைத்துக்கொள்ளுங்கள். நடந்தபடியே ஒரு முழு வாக்கியத்தை மூச்சு வாங்காமல் சொல்ல முடியவில்லை என்றால், நிழல் பார்த்து உட்கார வேண்டிய நேரம் வந்துவிட்டது.

மாத்திரைகளைக் காரிலோ லாக்கரிலோ பூட்டி வைக்காமல், அட்டையோடு உங்கள் கைப்பையிலேயே வைத்திருங்கள். இத்தகைய நாட்களில் தவறிப்போவது இரவு வார்ஃபரின்தான்: களைத்து வந்து, சாப்பிட்டு, அப்படியே தூங்கிவிடுவார்கள். போனில் அலாரம் வையுங்கள். மறந்துவிட்டு அன்றைக்குள் நினைவு வந்தால் போட்டுக்கொள்ளலாம். மறுநாள்தான் நினைவு வந்தது என்றால் விட்டதை விட்டுவிட்டு வழக்கமான அளவை மட்டும் எடுங்கள், இரட்டிப்பாகப் போடாதீர்கள். எந்த வால்வு, எந்த இடத்தில், வார்ஃபரின் அளவு, கடைசி ஐ.என்.ஆர்., மருத்துவரின் எண் ஆகிய ஐந்தையும் ஒரு தாளில் எழுதி, ஒரு படியைக் கணவர் சட்டைப்பையில் போடுங்கள். உடம்பு வலித்தால் பாராசிட்டமால் ஒன்றிரண்டு போதும். ஐபுபுரோஃபென், டைக்ளோஃபெனாக், ஆஸ்பிரின் போன்றவற்றை அருகில் இருப்பவர் அன்போடு நீட்டினாலும் வாங்காதீர்கள்.

உள்ளே நுழைந்ததும் முதலுதவி அறை எங்கே என்று பார்த்துக்கொள்ளுங்கள். சிறு வெட்டுக்காயம் என்றால் சுத்தமான துணியால் பத்து நிமிடம் விடாமல் அழுத்த வேண்டும். நின்றுவிட்டதா என்று இடையிடையே எடுத்துப் பார்ப்பதால்தான் பலருக்கு ரத்தம் நிற்பதில்லை. மூக்கில் ரத்தம் வந்தால் முன்பக்கம் குனிந்து உட்கார்ந்து, மூக்கின் மென்மையான பகுதியைப் பதினைந்து நிமிடம் பிடித்துக்கொள்ளுங்கள். தலையில் அடிபட்டால் கதை வேறு. வலி இல்லை, வீக்கம் இல்லை, நன்றாகத்தான் இருக்கிறேன் என்றாலும் நேராக மருத்துவமனைக்குப் போய், வார்ஃபரின் எடுப்பதைச் சொல்லுங்கள். அன்றே சி.டி. ஸ்கேன் தேவைப்படும். வாய் கோணுவது, ஒரு கை தளர்வது, பேச்சு குழறுவது இவற்றில் ஒன்று தெரிந்தாலும் ஆம்புலன்ஸை அழைக்க வேண்டும், கொஞ்சம் பார்க்கலாம் என்று காத்திருக்கக் கூடாது. இதைக் கணவரும் மைத்துனரும் படிக்கட்டும்.

காந்தத்தைப் பற்றிக் கேட்டிருக்கிறீர்கள். உலோக வால்வு என்று பெயரே தவிர, இன்றைய வால்வுகளில் திறந்து மூடும் இதழ்கள் பெரும்பாலும் ஒருவகைக் கார்பனால் ஆனவை. ரைடுகளின் காந்த பிரேக்கோ, நுழைவாயிலின் உலோகச் சோதனைக் கருவியோ அதை எதுவும் செய்யாது. பேஸ்மேக்கரோ, துடிப்பு ஒழுங்கு தவறினால் இதயத்துக்கு மின் அதிர்ச்சி தரும் கருவியோ பொருத்தியவர்களுக்கு இந்தப் பதில் பொருந்தாது. வலிமையான காந்தத்தால் சில ரைடுகள் இயங்குவதால் அவர்கள் தங்கள் கருவியைப் பரிசோதிக்கும் மருத்துவமனையில் கேட்க வேண்டும். இன்சுலின் பம்ப் வைத்திருப்பவர்களும் அப்படியே. மகாதமனி விரிந்திருப்பவர்களுக்கு வேக ரைடுகள் அறவே கூடாது.

திரும்பி வந்த பிறகும் இரண்டு விஷயங்களில் கவனம் வேண்டும். ஒன்று காய்ச்சல். காலில் சிராய்ப்போடு நீரில் இறங்கியிருந்து, பிறகு ஓரிரு நாளுக்கு மேல் காய்ச்சல் நீடித்தால், வால்வில் கிருமி தொற்றியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். அதற்கான ரத்தக் கல்ச்சர் எடுக்கும் முன் நீங்களாக ஆன்டிபயாடிக் போட்டுவிட்டால் கிருமி பரிசோதனையில் சிக்காமல் போகலாம். மற்றொன்று தலைவலி. மூளை உறைக்கடியில் கசியும் ரத்தம் சில வேளைகளில் வாரக்கணக்கில் மெதுவாகச் சேரும். ஒரு மாதம் கழித்து, நாளுக்கு நாள் கூடும் தலைவலியோ, காரணமில்லாத தூக்கமோ, நடையில் தள்ளாட்டமோ வந்தால், எவற்றில் ஏறினீர்கள் என்பதையும் சேர்த்து மருத்துவரிடம் சொல்லுங்கள். அவராகக் கேட்க மாட்டார்.