நீதவானை மாற்றுவது யார்? ஓய்வுபெற்ற நீதிமன்ற உரைபெயர்ப்பாளர் பதில் சொல்கிறார்

ஹட்டன் வாசகர்: எங்கள் நீதவான் மாற்றலாகிப் போகிறார். நல்ல மனிதர். அமைச்சரைப் பிடித்து நிறுத்தலாமா அண்ணே?

முடியாது தம்பி, அப்படி முடியவும் கூடாது. நீதவான், மாவட்ட நீதிபதி இவர்களின் நியமனம், இடமாற்றம், ஒழுக்காற்று விசாரணை எல்லாம் நீதிச்சேவை ஆணைக்குழுவின் பொறுப்பு. பிரதம நீதியரசர் தலைவர், கூடவே உயர் நீதிமன்ற நீதியரசர்கள் இருவர். அவர்கள் முடிவில் செல்வாக்குச் செலுத்தப் பார்ப்பதே குற்றம். இன்று நல்லவரை நிறுத்துகிற அமைச்சர், நாளைக்குத் தனக்குப் பிடிக்காதவரைத் தூக்கியடிப்பார்.

தலவாக்கலை வாசகர்: மேல் நீதிமன்றத்துக்கும் இதே முறையா?

இல்லை. ஆணைக்குழு சட்டமா அதிபரைக் கலந்து பேசிச் சிபாரிசு செய்யும், ஜனாதிபதி நியமிப்பார்.

பண்டாரவளை வாசகர்: தீர்ப்பு அநியாயம். ஆணைக்குழுவுக்கு எழுதலாமா?

தீர்ப்பு பிழை என்றால் மேன்முறையீடுதான் வழி. நீதிபதியின் நடத்தை பிழை என்றால் ஆணைக்குழுவின் செயலாளருக்கு எழுதுங்கள். பதிவாளர், பிஸ்கால் (நீதிமன்றக் கட்டளையை நிறைவேற்றும் அதிகாரி) மீதான முறைப்பாடும் அங்கேதான். நீதிமன்றக் கட்டடத்தின் கூரை ஒழுகினால் மட்டும் நீதி அமைச்சு.

மஸ்கெலியா வாசகி: அம்மாவின் வழக்கு முழுக்கச் சிங்களத்தில் நடந்தது. ஒன்றும் விளங்காமல் தலையாட்டிவிட்டு வந்தார். என்ன செய்வது ஐயா?

மகளே, இந்தத் தலையாட்டலை என் வேலைக்காலம் முழுக்கப் பார்த்தேன். கொழுந்து பறித்த கையோடு ஓடிவந்து, தவணைத் திகதி மட்டும் விளங்கினால் போதும் என்று நிற்பார்கள். அரசியலமைப்பின் 24ஆவது உறுப்புரையை அம்மாவுக்குச் சொல்லுங்கள். சிங்களம், தமிழ் இரண்டும் நீதிமன்ற மொழிகள். இங்கே வழக்கு சிங்களத்தில் நடந்தாலும், விளங்காதவருக்குத் தமிழில் உரைபெயர்த்துத் தருவது அரசின் கடமை. காசு கேட்கக்கூடாது. அடுத்த தவணையில் பெயர் கூப்பிட்டதும் "எனக்குத் தமிழில் சொல்லுங்கள்" என்று அம்மாவே கேட்கட்டும், சட்டத்தரணியும் எழுந்து சொல்லட்டும். உரைபெயர்ப்பாளர் இல்லையென்றால் வரும்வரை காத்திருக்கலாம், புரியாத கேள்விக்கு மட்டும் "ஓம்" சொல்லவேண்டாம். குற்றத்தை ஒப்புக்கொள்கிறீர்களா என்று கேட்கிற கேள்வியாகவும் அது இருக்கலாம்.

நானுஓயா வாசகர்: தோட்டத்தில் என்னை வேலையிலிருந்து நிறுத்திவிட்டார்கள். தொழில் நியாய சபை தொழில் திணைக்களத்தின் கீழா?

பலரும் அப்படித்தான் நினைக்கிறார்கள். அதன் தலைவரையும் நீதிச்சேவை ஆணைக்குழுதான் நியமிக்கிறது, அவர் திணைக்கள அதிகாரி அல்ல. வேலை நின்ற நாளிலிருந்து ஆறு மாதத்துக்குள் மனுப்போட வேண்டும். சங்கத்தில் பேசிக்கொண்டிருக்கிறார்கள் என்று நாளைக் கடத்தாதீர்கள். பேச்சு ஒரு பக்கம் நடக்கட்டும், மனுவை இந்த வாரமே கொடுங்கள்.