தோட்டத்து நத்தையை எப்படிப் பதிவு செய்வது?

கேள்வி: மழை விட்டதும் பப்பாளிக் கன்றுகளில் கை நிறையும் அளவுக்குப் பெரிய நத்தைகள். ஆப்பிரிக்க நத்தை என்கிறார்கள். பார்த்த உயிரினங்களைப் படத்தோடு பதிவு செய்யும் ஐநேச்சுரலிஸ்ட் செயலியில் போடச் சொல்கிறார் நண்பர். நான் ஒருத்தி போட்டு என்ன ஆகும்?

பதில்: நிறைய ஆகும். 1847-ல் மொரீஷியஸிலிருந்து கல்கத்தாவுக்கு வந்த நத்தை இது. தானாக ஊர்ந்து இவ்வளவு தூரம் பரவவில்லை. நாற்றுப் பைகளிலும் மண்ணிலும் வெட்டிய மரத்துண்டுகளிலும் ஏறித்தான் ஊர் ஊராகப் போனது. புது இடத்தில் நாலைந்து நத்தை இருக்கும்போதே தெரிந்தால் பொறுக்கி ஒழித்துவிடலாம். அந்தச் சேதி உங்களைப் போன்றவர்களிடமிருந்துதான் வர வேண்டும்.

முதலில் அதுதானா என்று பாருங்கள். நம் வயல் நத்தை உருண்டையாக இருக்கும், தொட்டால் உள்ளே போய் கெட்டியான மூடியால் வாயை அடைத்துக்கொள்ளும். ஆப்பிரிக்க நத்தைக்கு அந்த மூடி இல்லை. கூம்பு போல நீண்ட ஓடு, அதில் பழுப்புப் பட்டைகள். கோடையில் வாயில் மெல்லிய வெள்ளைப் படலம் கட்டும். அதை மூடி என்று நினைத்து ஏமாற வேண்டாம்.

பக்கவாட்டில் ஒன்று, ஓட்டின் வாய் தெரிய ஒன்று, பக்கத்தில் நாணயம் வைத்து ஒன்று எனப் படம் எடுங்கள். வெறுங்கையால் தொடாதீர்கள்: மூளை உறையைத் தாக்கும் எலிப்புழு இதன் உடலில் இருக்கலாம். வாட்ஸ்அப்பில் வந்த படத்தை ஏற்றாதீர்கள், அதில் இடமும் தேதியும் அழிந்திருக்கும். போனில் எடுத்த மூலப்படம்தான் வேண்டும்.

பலரும் கோட்டைவிடுவது இடத்தில்தான். வீடு தெரியக் கூடாது என்று இடத்தை மறைத்தால், வரைபடத்தில் உங்கள் புள்ளி சுமார் 20 கிலோமீட்டர்ச் சதுரத்துக்குள் எங்கேயோ போய் விழும்; தேடி வருபவருக்கு உதவாது. அதற்குப் பதில் தெருமுனையில் புள்ளி வைத்து, துல்லிய வட்டத்தை (நத்தை இதற்குள் இருக்கிறது என்று காட்டும் வட்டம்) 200 மீட்டராக்குங்கள்.

குறைந்தது இன்னொருவர் அதே இனம் என்று ஒப்புக்கொண்டால் பதிவு ‘ஆய்வுத் தரம்’ பெறும். அப்புறம் கோபன்ஹேகனைத் தலைமையிடமாகக் கொண்ட, உலகெங்கும் உள்ள உயிரினப் பதிவுகளைச் சேர்த்து வைக்கும் ஜிபிஃப் (GBIF) தரவுத்தளத்துக்குப் போகும். உலகில் எந்த ஆய்வாளரும் எடுத்துப் பார்க்கலாம். உரிமம் பகுதியில் மட்டும் ‘எல்லா உரிமையும் எனக்கே’ என்று மாற்றிவிடாதீர்கள், பதிவு அங்கே போகாது.

சரி, படம் எடுத்த பிறகு? கையுறை போட்டுப் பொறுக்கி, வாளியில் கெட்டியான உப்புத் தண்ணீரில் போட்டு, செத்த பிறகு புதையுங்கள். மண்ணைக் கிளறினால் மிளகு அளவில் வெளிர் மஞ்சள் முட்டைகள் குவியலாகக் கிடக்கும், அவற்றையும் எடுங்கள். அடுத்த மழைக்கும் பார்த்துப் பதிவிடுங்கள். அதுவரை உங்கள் தோட்டத்து நாற்றையோ மண்ணையோ யாருக்கும் கொடுக்க வேண்டாம்.