கல்வி கேள்வி–பதில்: பயோமெடிக்கல் பொறியியல் படிப்பை எப்படி மதிப்பிடுவது?

கேள்வி: என் மகள் பிளஸ் டூவில் கணிதமும் உயிரியலும் படித்தவள், பயோமெடிக்கல் பொறியியலில் சேர விரும்புகிறாள். ஒரு நிகர்நிலைப் பல்கலைக்கழகத்தில் இடம் தருவதாகச் சொல்கிறார்கள். அது உயர்கல்வி நிறுவனங்களை மதிப்பிடும் நாக் (NAAC) அமைப்பின் உயர்ந்த தரம் பெற்றது. வளாகமும் பிரமாண்டமாக இருக்கிறது. கலந்தாய்வு வழியாகச் சென்றால் பழைமையான ஒரு தன்னாட்சிக் கல்லூரி கிடைக்கக்கூடும், ஆனால் அங்கே இந்தத் துறை தொடங்கிச் சில ஆண்டுகளே ஆகின்றன. எதைப் பார்த்து முடிவு செய்ய வேண்டும்?
— வாசகி, திண்டுக்கல்

பதில்: நாக் தரம் என்பது நிறுவனம் முழுவதற்கும் வழங்கப்படுவது, கலைப் படிப்பு முதல் மேலாண்மைப் படிப்பு வரை எல்லாம் அதற்குள் அடங்கும். உங்கள் மகள் சேரப்போகும் துறை எப்படி இயங்குகிறது என்பதை அது தனியாகச் சொல்லாது. மத்திய அரசின் என்.ஐ.ஆர்.எஃப். கல்வி நிறுவனத் தரவரிசையும் பொறியியலை மொத்தமாகவே எடைபோடுகிறது. ஒவ்வொரு பட்டப்படிப்பையும் தனித்தனியே ஆராய்ந்து அங்கீகாரம் தருவது தேசிய அங்கீகார வாரியம், அதாவது என்.பி.ஏ. அதன் இணையதளத்தில் கல்லூரியின் பெயரைத் தேடி, பயோமெடிக்கல் பொறியியல் என்ற பாடப்பிரிவு அங்கே இருக்கிறதா, அங்கீகாரம் எந்த ஆண்டு வரை செல்லும் என்பதைப் பாருங்கள். இரண்டு அணி மாணவர்களாவது படித்து முடித்த பிறகே இந்த அங்கீகாரத்துக்கு விண்ணப்பிக்க முடியும் என்பதால், புதிய துறையிடம் அது இல்லாததை மட்டும் வைத்து அத்துறையை ஒதுக்கிவிட வேண்டாம்.

சான்றிதழ்களைக் காட்டிலும் எனக்கு முக்கியமாகத் தோன்றுவது மருத்துவமனையுடனான உறவு. மருத்துவக் கருவிகளை உருவாக்கவும் பராமரிக்கவும் கற்றுத்தரும் இந்தப் படிப்பை மருத்துவமனைக்கு வெளியே இருந்துகொண்டு முழுமையாகக் கற்க முடியாது. இரு நிறுவனங்களிடமும், மாணவர்கள் எந்த மருத்துவமனைக்குப் பயிற்சிக்குச் செல்கிறார்கள், எத்தனை வாரங்கள் அங்கே இருக்கிறார்கள், யாருடைய மேற்பார்வையில் பணியாற்றுகிறார்கள் என்று கேளுங்கள். புரிந்துணர்வு ஒப்பந்தம் கையெழுத்தான புகைப்படத்தைக் காட்டினால் அதோடு நிறைவடைந்துவிடாதீர்கள். கடந்த ஆண்டு பயிற்சிக்குச் சென்ற மாணவர் ஒருவரிடம் அங்கே என்ன செய்தார் என்று விசாரியுங்கள். தீவிர சிகிச்சைப் பிரிவில் பயன்படும் வென்டிலேட்டரின் பராமரிப்புப் பதிவேட்டைப் பார்த்தவரும், டயாலிசிஸ் கருவி பழுதானபோது பொறியாளருக்கு அருகே நின்றவரும் சொல்லும் பதில், ஒருநாள் சுற்றிக் காட்டப்பட்டவரின் பதிலிலிருந்து தெளிவாக வேறுபடும். பல்கலைக்கழகத்துக்குச் சொந்தமாக மருத்துவக் கல்லூரி இருப்பது பெரிய வாய்ப்புதான், ஆனால் பொறியியல் மாணவர்களுக்கு அதன் கதவு உண்மையில் திறக்கிறதா என்பதே கேள்வி.

மருத்துவமனையுடனான அந்த நெருக்கம் எவ்வளவு தூரம் கொண்டுசெல்லும் என்பதற்குத் திருவனந்தபுரம் ஸ்ரீசித்திரைத் திருநாள் நிறுவனம் நல்ல சான்று. இதய அறுவைச் சிகிச்சை நிபுணர் எம். எஸ். வலியத்தான் தலைமையில் மருத்துவர்களும் பொறியாளர்களும் ஒரே நிறுவனத்தில் இணைந்து செயற்கை இதய வால்வை உருவாக்கினார்கள். தொடக்க வடிவங்கள் சோதனைகளில் தோற்றன. பொருளையும் அமைப்பையும் மாற்றி மாற்றி உழைத்த பிறகே, 1990 டிசம்பரில் சித்ரா வால்வு என்ற அந்தச் செயற்கை வால்வு முதன்முதலாக ஒரு நோயாளிக்குப் பொருத்தப்பட்டது.

அடுத்து ஆய்வகம். பல கல்லூரிகளில் பயிற்சிக்கென்றே செய்யப்பட்ட ட்ரெய்னர் கிட்டுகள் மட்டுமே வரிசையாக இருக்கும். அவற்றில் இசிஜி அலைவடிவத்தைப் பார்த்துப் பதிவேட்டில் வரையலாம். அது தொடக்கத்துக்குப் போதும், நான்கு ஆண்டுகளுக்குப் போதாது. இதயத் துடிப்பைச் சீராக்க மின்னதிர்வு தரும் டிஃபிப்ரிலேட்டரில் 200 ஜூல் என்று வைத்தால் உண்மையில் எவ்வளவு ஆற்றல் வெளிப்படுகிறது என்று அளக்கும் அனலைசர் இருக்கிறதா, கருவியின் உடற்பகுதியில் எத்தனை மைக்ரோஆம்பியர் மின்கசிவு இருக்கிறது என்று சோதிக்கும் வசதி இருக்கிறதா, மருத்துவமனைகள் கழித்துவிட்ட பழைய கருவிகளைத் திறந்து பார்க்க மாணவர்களை அனுமதிக்கிறார்களா என்று பாருங்கள். நோயாளியின் உடலோடு இணைக்கப்படும் கருவியில் சிறிய மின்கசிவும் உயிருக்கு ஆபத்தாகலாம் என்பதை மாணவர் தன் கையாலேயே அளந்து உணர வேண்டும்.

பாடத்திட்டத்தில், மின்னணுவியலும் சிக்னல் பாடங்களும் உடற்கூறியல், உடலியங்கியலோடு சேர்ந்து வருகின்றனவா என்று கவனியுங்கள். 2017ஆம் ஆண்டின் மருத்துவக் கருவிகள் விதிகள், கருவிகளை ஆபத்தின் அளவைப் பொறுத்து ஏ முதல் டி வரை நான்கு வகுப்புகளாகப் பிரிக்கின்றன. 2020 ஏப்ரல் முதல் எல்லா மருத்துவக் கருவிகளும் ஒழுங்குமுறைக்குள் வந்துவிட்டன. எனவே இந்த விதிகளையும், தயாரிப்புத் தரத்துக்கான ஐ.எஸ்.ஓ. 13485 நியமத்தையும் அறிந்தவர்களுக்குக் கருவித் தயாரிப்பு நிறுவனங்களில் தேவை இருக்கிறது. இவை இடம்பெறாத பாடத்திட்டத்தைப் பழையது என்றே கருதுவேன்.

வேலைவாய்ப்பு விவரத்தைக் கேட்கும்போது மொத்த விழுக்காட்டை ஏற்காமல், எத்தனை பேர் மருத்துவமனைகளிலும் கருவி நிறுவனங்களிலும் சேர்ந்தார்கள், எத்தனை பேர் மென்பொருள் நிறுவனங்களுக்குச் சென்றார்கள் என்று பிரித்துக் கேளுங்கள். மென்பொருள் வேலை குறைவானதன்று. ஆனால் ஏறக்குறைய எல்லோரும் அங்கேதான் செல்கிறார்கள் என்றால், இந்தத் துறைக்குரிய தொடர்புகளை அக்கல்லூரி வளர்க்கவில்லை என்று பொருள்.

நீங்கள் குறிப்பிட்ட இரண்டில், மருத்துவமனைப் பயிற்சியையும் ஆய்வகத்தையும் தயக்கமின்றித் திறந்து காட்டுகிற இடத்தையே தேர்ந்தெடுக்கச் சொல்வேன். இரண்டும் சமமாகத் தோன்றினால், கட்டணம் குறைந்த இடமே சரி.

கேள்வி: உயிரியல் படிக்காத மாணவர் இதில் சேரலாமா?
— வாசகர், தஞ்சாவூர்

பதில்: தாராளமாகச் சேரலாம். தேவையான உடலியங்கியலைக் கல்லூரியில் அடிப்படையிலிருந்தே கற்பிப்பார்கள். தமிழ்நாட்டுக் கலந்தாய்வில் 200க்கான கட்-ஆஃப் மதிப்பெண்ணே கணிதத்துக்கு 100, இயற்பியலுக்கும் வேதியியலுக்கும் தலா 50 என்றுதான் கணக்கிடப்படுகிறது. எம்.ஆர்.ஐ. கருவி எப்படிப் படம் உருவாக்குகிறது என்பதைப் புரிந்துகொள்ள ஃபூரியர் உருமாற்றம் என்ற கணித முறை தெரிந்தாக வேண்டும். நீட் தேர்வில் இடம் கிடைக்காததால் மருத்துவத்துக்கு மாற்றாக இதை எடுத்து, கணிதத்தின் முன் மனம் சோர்ந்துபோகும் பிள்ளைகளை நினைத்தால் வருத்தமாக இருக்கிறது. சேர்வதற்கு முன்பே பெற்றோர் இதை அவர்களிடம் வெளிப்படையாகப் பேசிவிடுங்கள்.

கேள்வி: மேற்படிப்புக்கு இந்தப் பட்டம் உதவுமா?
— வாசகர், ஈரோடு

பதில்: உதவும். பொறியியல் மேற்படிப்புக்கான கேட் (GATE) நுழைவுத் தேர்வில் 2020 முதல் பயோமெடிக்கல் பொறியியலுக்குத் தனித் தாள் உள்ளது. வெளிநாடு செல்ல எண்ணுவோர், என்.பி.ஏ. முதல் அடுக்கு (Tier-1) அங்கீகாரம் பெற்ற படிப்பா என்று பாருங்கள். பொறியியல் பட்டங்களை உறுப்பு நாடுகள் பரஸ்பரம் ஏற்பதற்கான வாஷிங்டன் உடன்பாட்டில் இந்தியா 2014இல் முழு உறுப்பினரானதன் பயன் அவ்வகைப் படிப்புகளுக்கே கிடைக்கும்.